தழும்பு விழுமா, டாக்டர்?

மகர்பட்டா அடுக்குமாடிக் குடியிருப்பு. காலை மணி பத்து ஏழு.

ஏழாவது மாடி பால்கனியிலிருந்து ஓர் அலறல் கிளம்பி, சிமெண்ட் தரையைத் தொட்டதும் நின்றுபோனது.

வனஜா. வயது ஐம்பது. அதற்கு மேல் அவளுக்கு வயதாகப் போவதில்லை...

பதினொன்றே முக்காலுக்கு அவளுடைய ஃப்ளாட்டில் நின்றிருந்தாள் சப்-இன்ஸ்பெக்டர் ஜான்சி. கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளியின் மகள். பணக்காரக் கண்ணீரை அவள் லேசில் நம்ப மாட்டாள். இங்கே கண்ணீரே இல்லை!

எதிர் சோபாவில் வனஜாவின் கணவர் கல்யாணசுந்தரம். சாஃப்ட்வேர் கம்பெனி வைஸ் பிரசிடென்ட். கண்கள் இரண்டும் பூரியாய் உப்பி, ஊதா நிறத்தில் இருந்தன. இமைகளில் கறுப்புத் தையல்.

"யார் சார் அடிச்சது?"

"அடியில்லம்மா, சர்ஜரி! இமை தொங்கி வயசானவன் மாதிரி தெரிஞ்சுது. முந்தாநாள் பண்ணிக்கிட்டேன்..."

ஐம்பத்து நாலு வயதுக்காரர் வயசானவர் மாதிரி தெரியாமல் வேறு எப்படித் தெரிவார்? ஜான்சி உதட்டைச் சுழித்தாள்.

"நடந்ததைச் சொல்லுங்க."

"கண் நிறைய ஆயின்ட்மென்ட். ஒண்ணுமே தெரியலை. பெட்ரூம்ல ஐஸ் ஒத்தடம் வெச்சுட்டுப் படுத்திருந்தேன். செயினைக் காணோம்னு வனஜா அந்த நீலாவைத் திட்டிட்டிருந்தா. அப்புறம் அலறல்... போன்ல நம்பர் அமுக்கக்கூட முடியலை. வாட்ச்மேன்தான் போலீஸைக் கூப்பிட்டான்."

"பொய் அக்கா!"

தரையில் கால்நீட்டி உட்கார்ந்திருந்த வேலைக்காரி நீலா கத்தினாள். ஏரவாடாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவள்.

"கண்ணுல வெக்க ஃப்ரீசர் பட்டாணி பாக்கெட் வாங்கியான்னு சாஹிப்தான் துக்கானுக்கு அனுப்புனாரு. கடையில ஒரே கூட்டம்... இப்ப யாரும் என்னைப் பார்க்கலேங்கறாங்க. எனக்கு ரெண்டு புள்ளைங்க அக்கா!"

"அய்யாவுக்கும் அம்மாவுக்கும் சண்டை உண்டா?"

"தெனம்! ஆபீஸ்ல தேஜஸ்வினின்னு ஒரு பொண்ணு. அது அய்யாவை அங்கிள்னு கூப்பிட்டுச்சாம். மறுநாளே கண்ணு டாக்டரைத் தேடிப் போயிட்டாரு!"

"வாயை மூடு!" சீறினார் கல்யாணசுந்தரம்.

சீறியதில் வலது இமை துடித்தது. அங்கே ஒரு தையல் பிரிந்து, ரத்தம் புதிதாய் உறைந்திருந்தது.

"அது என்ன சார்?"

"தும்மினேன்."

ஜான்சியின் செல் அலறியது. இன்ஸ்பெக்டர். மராத்தியில் பொரிந்து தள்ளினார்.

"இன்னும் என்ன அங்கே? அந்தப் பொம்பளையை வண்டியில ஏத்து! ஒரு மணிக்கு கோர்ட்!"

"இருபது நிமிஷம் சார்... ப்ளீஸ்."

இருபது நிமிடம்! அதற்குள் ஏதாவது சிக்காவிட்டால் நீலாவுக்கு ஜெயில்.

டீப்பாயில் ஆஸ்பத்திரித் தாள் ஒன்று கிடந்தது. மூலையில் கல்யாணசுந்தரத்தின் ஆபரேஷனுக்கு முந்தைய போட்டோ. ஜான்சி சத்தமாகப் படித்தாள்.

"தலையை உயர்த்திப் படுக்கணும். குனியக் கூடாது. வீக்கமும் கன்றலும் ரெண்டு வாரம் இருக்கும். அஞ்சாம் நாள் தையல் எடுப்போம். கனமா எதையாவது தூக்கினா ரத்தம் கசியும், தையல் பிரியும்..."

"நான் எதையும் தூக்கலை!"

கடைசி வரியை அவள் மனசுக்குள் மட்டும் படித்தாள். மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டுக்கு டாக்டரே போன் செய்து விசாரிப்பார்!

மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. ஜான்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பன்னிரண்டு அடித்தது. போன் வரவில்லை.

பன்னிரண்டு ஐந்து... வரவில்லை!

பன்னிரண்டு எட்டு. லேடி கான்ஸ்டபிள் நீலாவின் தோளைத் தொட்டு எழுப்பப் பார்த்தாள். "சல், உட்..."

ட்ரிங்... ட்ரிங்!

கல்யாணசுந்தரம் துள்ளி எழுந்தார். டீப்பாயைச் சுற்றி, நீலாவின் நீட்டிய காலைத் தாண்டி, நேராகப் போனுக்குப் பாய்ந்தார்!

அதற்குள் ஜான்சியின் கை ரிசீவர் மேல் இருந்தது.

"கண்ணு நல்லாத் தெரியுதே சார்! மூச்சு விடாம நில்லுங்க."

ஸ்பீக்கர் பட்டனை அழுத்தினாள்.

"கல்யாணசுந்தரம் சார், டாக்டர் நஸ்ரின். ஸாரி, லேட்டாயிடுச்சு. ரத்தம் நின்னுதா? பத்தேகாலுக்கு நீங்க போன் பண்ணப்பவே திட்டினேன்ல... அவ்வளவு கனமான சூட்கேஸை யார் தூக்கச் சொன்னது? தழும்பு விழுமா, விழுமான்னு அஞ்சு தடவை கேட்டீங்க. விழாது, பயப்படாதீங்க!"



பத்து ஏழுக்கு மனைவி கீழே விழுந்திருக்கிறாள். பத்தேகாலுக்கு இந்த ஆள் டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறார்... தன் இமைக்காக! சீ!

"பத்தேகாலுக்கு மட்டும் நம்பர் அமுக்கக் கண்ணு தெரிஞ்சுதா சார்? அந்த சூட்கேஸ் என்ன, வனஜா மேடம் வெயிட் இருக்குமா?"

கல்யாணசுந்தரம் சோபாவில் சரிந்தார்.

"தேஜஸ்வினிகிட்டப் போய் என் வயசைச் சொல்லிடுவேன்னா... ஆபீஸே சிரிக்கும்னா... பால்கனியில நின்னு என்னைப் பார்த்துச் சிரிச்சா... தூக்கிட்டேன்."

நீலா ஓவென்று அழுதாள். தனக்காக அல்ல, அம்மாவுக்காக.

"வீட்டுக்குப் போ நீலா. புள்ளைங்க காத்திருக்கும்."

விலங்கு பூட்டும்போது அவர் மெல்லக் கேட்டார்.

"அஞ்சாம் நாள் தையல் எடுக்கணும்... கூட்டிட்டுப் போவீங்களா?"

ஜான்சி அந்தத் தாளை மடித்துப் பையில் போட்டாள்.

"கண்டிப்பா! ஆபரேஷனுக்கு முந்தின போட்டோதான் டாக்டர் எடுத்தாங்க. பிந்தினதை ஸ்டேஷன்ல நாங்க எடுக்கறோம்... நெஞ்சுக்கு நேரா ஸ்லேட்டைப் பிடிச்சுட்டு நில்லுங்க, அங்கிள்!"