பூட்டுத்தொடர்

ஞாயிறு காலை முதல் மாலை வரை தூத்துக்குடி மாவட்டம் முழுவதும் நினைவுத்துணை இயங்காது என்று ஒரு வாரமாக அதுவே எல்லோர் காதிலும் சொல்லிக்கொண்டிருந்தது. பஸ்கள் ஓடமாட்டா. அன்றைய மருந்துகளை முன்னாலேயே பிரித்து வையுங்கள். பிள்ளைகளின் பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொள்ளுங்கள்.

காதுக்குப் பின்னால் மிளகளவு பொத்தான், அவ்வளவுதான் நினைவுத்துணை. பெயர், வழி, வேலை, வாக்குறுதி எல்லாவற்றையும் கேட்குமுன் எடுத்துக் கொடுக்கும். எழுதிக் கொடுத்தால் இன்னொன்றும் செய்யும். வேண்டாத நினைவு தலைதூக்கும்போதே அதை மெல்லத் திருப்பி விட்டுவிடும். அதற்கு விலக்கல் என்று பெயர். துக்க வீடுகளில் பதினாறாம் நாளோ முப்பதாம் நாளோ முடிந்தால் விலக்கலுக்கு எழுதிக் கொடுப்பது வழக்கமாகவே ஆகிவிட்டது.

பொத்தான்களுக்குப் பின்னால் இருந்தவை துறைமுகச் சாலையில், குளிரூட்டிய கூடத்தில் நின்ற எட்டு வழங்கிக் கணினிகள். அவற்றின் நிர்வாகி ஜெசிந்தா. பதினோரு வருடங்களுக்கு முன்பு அவற்றை இயக்கும் யூனிக்ஸ் மென்பொருளை நிறுவியவளும் அவள்தான். இதுவரை திருத்தங்களை ஒவ்வொரு வழங்கியாக நிறுத்திச் செய்துவந்தாள். ஒன்று தூங்கும்போது மற்ற ஏழும் ஊரைச் சுமக்கும். இந்த முறை அது நடக்காது. இப்போது ஏற்றப்போகும் புதிய யூனிக்ஸில் கோப்புகளை அடுக்கும் முறையே வேறு. எட்டையும் ஒன்றாக நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

நிறுத்தினாள். காதுக்குள் எப்போதும் இருந்த மெல்லிய இரைச்சல் அடங்கியது. பக்கத்து இருக்கையில் உதவிப் பொறியாளன் சங்கரபாண்டி தலையை ஆட்டிப் பார்த்தான்.

"குளத்துக்குள்ள முங்கி எந்திரிச்ச மாதிரி இருக்குக்கா" என்றான்.

நிறுவல் சிக்கலின்றிப் போயிற்று. கருநிரல் என்னும் மையப் பகுதி ஏறியது. பயனர் கணக்குகளும் அனுமதிகளும் ஒவ்வொன்றாக அமைந்தன. செய்முறை முழுவதும் திரையிலேயே இருந்ததால் யாரும் எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. பிற்பகலில் வேலை முக்கால்வாசி முடிந்தது. மக்களின் நினைவுகள் இருந்த வட்டுகளைப் புதிய யூனிக்ஸோடு இணைப்பதுதான் பாக்கி. அவை பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டவை. அவற்றைத் திறக்கும் பூட்டுத்தொடரைத் திரை கேட்டது.

ஜெசிந்தா விசைப்பலகையில் கை வைத்தாள். கை அப்படியே நின்றது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல." மறுபடி விரல்களைத் தூக்கினாள். எத்தனையோ தடவை அடித்ததுதான். அதை நினைவுத்துணை பொருள் சேராத தனித்தனி எழுத்தாகக் காதில் சொல்லிக் கொடுத்திருக்கிறது என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. தனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தாள். "பாண்டி, எனக்கு அது வரல."

எழுதி வைக்கக்கூடாது என்பது விதி. பத்து முறை தவறினால் வட்டு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். தொடர் தெரிந்த இன்னொருவர் தலைமைப் பொறியாளர் எபநேசர். சங்கரபாண்டி அவரைத் தொலைபேசியில் பிடித்தான். அவர் வீட்டு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே போனால் வெளியே வர வழி மறந்துவிடும் என்று பயம்.

"ஜெசிந்தா, நேத்து ராத்திரிகூட மனசுக்குள்ள சொல்லிப் பாத்தேம்மா. இப்ப சுத்தமா இல்ல. நீ சொல்லிருவன்னு நெனச்சேன்."

"நானும் உங்களைத்தான் ஸார் நெனச்சேன்."

ஏழு முறை முயன்றாள். ஏழும் தவறு. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

புகார் மையத்திலிருந்து அழைப்புகளை இங்கே திருப்பிவிடத் தொடங்கியிருந்தார்கள். வழி தவறியவர்கள் கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தார்கள். அப்படிச் சிலர்தான். மற்றவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். முத்தையாபுரத்திலிருந்து ஒரு பெரியவர், "எங்கம்மா செத்துப் போச்சு ஸார்" என்றார். எப்போது என்று கேட்டதற்கு, "ஒம்பது வருசமாச்சு. இன்னைக்குத்தான் தெரியுது" என்றார். சங்கரபாண்டி ஆறுதல் சொல்ல வாயெடுத்தான். பிறகு தொலைபேசியை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவனுக்கும் தன் துக்கம் ஏதோ நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"வீட்டுக்குப் போகையில என்னமோ வேணும்னா எம் பொண்டாட்டி" என்றான் அவன், பேச்சை மாற்றுவதற்காக. "சாயங்காலம் வாங்கியாரேன்னு சொல்லிட்டு வந்தேன். என்னன்னு தெரியல. போனா திட்டுவா."

ஜெசிந்தா திரும்பினாள். "என்ன சொன்ன?"

"திட்டுவான்னு சொன்னேன்."

"அதுக்கு முன்ன."

"வாங்கியாரேன்னு..."

சொல் அவளுக்குள் விழுந்தது. அதைத் திருப்பிவிட இன்று யாரும் இல்லை. ஒரு வாசற்படி. நீலச் சட்டை. செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்க்கிற அலோசியஸ். அவளுக்கு ஒரு புருஷன் இருந்தான் என்பது தெரியும். விபத்தில் போய்விட்டான் என்பதும் தெரியும். பத்திரிகையில் படித்த செய்தியைப் போல அதைத் தெரிந்துவைத்திருந்தாள். இப்போதோ அவன் சட்டையின் இஸ்திரி மடிப்புகூடத் தெரிந்தது. அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, அவன் கடைசியாகச் சொன்னதையே பூட்டுத்தொடராக வைத்தாள். தினம் ஒருமுறையாவது சொல்லிப் பார்க்கலாம் என்று. அதன்பின் தாங்க முடியாமல் போய்த்தான் விலக்கலுக்கு எழுதிக் கொடுத்தாள்.

கண் மறைக்க, ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள்: சீலா மீன் வாங்கியாரேன், சோறு மட்டும் வடிச்சு வை.

வட்டுகள் திறந்தன. சேவைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. கொஞ்ச நேரத்தில் தொலைபேசி மணி அடிப்பது நின்றது. சங்கரபாண்டி முகம் தெளிந்து, "தேங்காண்ணெய்!" என்று கத்தினான்.

ஜெசிந்தாவின் காதில் குரல் வந்தது. உங்களை வருத்தும் ஒரு நினைவு மேலே வந்திருக்கிறது. விலக்கி வைக்கவா?

அவள் பொத்தானைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"தொடரை மாத்தி வேற லேசா வச்சிரலாம்க்கா" என்றான் சங்கரபாண்டி, அவள் முகத்தைப் பார்த்து. "உங்களுக்கு எதுக்கு இந்தப் பாடு?"

"லேசா வச்சா ரெண்டு நாள்ல நினைவுத்துணை எடுத்துக்கிடும். எடுத்துக்கிட்டதே நமக்குத் தெரியாது. இது மட்டும்தான் எங்கிட்ட மிஞ்சி இருந்துச்சு. ஏன்னு நெனைக்க? இந்த நெனப்பு பக்கம் வராதன்னு அதுகிட்ட நானே எழுதிக் குடுத்திருந்தேன். அதனால இதை அது திருப்பித்தான் விட்டுச்சு, எடுத்துக்கல."

இதையே அறிக்கையாக எழுதிக் கொடுத்தாள். நினைவுத்துணையை நடத்தும் வாரியம் ஒப்புக்கொண்டது. அடுத்த வாரம் எபநேசர் பொறியாளர்கள் எல்லோரையும் கூட்டினார். பூட்டுத்தொடரை இனி இருவர் சுமக்க வேண்டும். இருவரும் பொத்தான் அணியக்கூடாது. தொடர், எத்தனை வருடமானாலும் தானாக மறந்துபோகாத ஒன்றாக இருக்க வேண்டும். அனுபவத்தில் பார்த்தால் அது ஒரு துக்கமாகத்தான் இருக்க முடியும்.

"ஜெசிந்தா ஒரு ஆள். இன்னொருத்தர் வேணும்" என்றார். "மறக்கவே முடியாத துக்கம் உள்ளவங்க கை தூக்குங்க."

கூடத்தில் நாற்பது பேருக்குமேல், காதுக்குப் பின்னால் பொத்தானோடு இருந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சங்கரபாண்டி நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தான். பிறகு உதட்டைப் பிதுக்கினான். பெற்றோரை இழந்தவர்கள் அங்கே இருந்தார்கள். குழந்தையை இழந்தவள் ஒருத்தியும் முதல் வரிசையிலேயே இருந்தாள் என்பது ஜெசிந்தாவுக்குத் தெரியும். அந்தப் பெண் அமைதியாக, யாராவது கை தூக்குகிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

எபநேசர் மறுபடி கேட்டார். ஒருவரும் கை தூக்கவில்லை.