நான்காம் குமிழின் பிள்ளைகள்

செவ்வாய்க் குடியிருப்பில் பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்ததும் காதுக்குப் பின்னால் நினைவுச்சில்லு பொருத்துவார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, மருத்துவ எந்திரம் 'டிக்' என்று ஒரு சத்தம் எழுப்பியதும் பாயசம் பரிமாறுவார்கள். அன்றிரவே பிள்ளை பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒப்பிக்கும். உறவினர்கள் கை தட்டிவிட்டு, தாம்பூலப் பையோடு அவரவர் கண்ணாடிக் குமிழுக்குத் திரும்புவார்கள்.

நான்காம் குமிழில் மட்டும் அந்த விழா கிடையாது. கண்ணாடிக் கூரைக்குக் கீழே முந்நூறு பனிவெட்டிக் குடும்பங்கள். எல்லோரும் நிலத்துக்கடியில் உறைந்து கிடக்கும் பனியை வெட்டி மேலே அனுப்புகிறவர்கள். அந்தப் பனிதான் மற்ற குமிழ்களுக்குக் குடிநீர், சுவாசக் காற்று எல்லாம். சுரங்கத் தூசி சில்லுக்குள் புகுந்துவிடும் என்று சொல்லி, சில்லுத் திட்டத்தில் நான்காம் குமிழைச் சேர்க்காமலே விட்டுவிட்டார்கள்.

அங்கிருந்த அரசுத் தொடக்கப்பள்ளியில் ஐம்பத்து மூன்று பேர் படித்தார்கள். நாற்பத்தாறு பேர் பனிவெட்டிகளின் பிள்ளைகள், ஐந்து பேர் துப்புரவுப் பணியாளர்களின் பிள்ளைகள், இருவர் பூமியிலிருந்து புதிதாக வந்தவர்கள். ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் இந்த விவரமும், இரண்டாம் பக்கத்தில் தேர்ச்சி விழுக்காடும் இருக்கும். சென்ற ஆண்டு பத்தொன்பது. முதல் பக்கத்தைப் படித்த அதிகாரிகள் யாரும் இரண்டாம் பக்கத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டதில்லை.

கல்வி ஆய்வாளர் ஞானசுந்தரம் ஓர் உத்தரவோடு வந்தார்.

"இந்த வருஷம் நாப்பதுக்குக் கீழ போனா பள்ளிக்கூடத்தை மூடிடுவோம்மா. பிள்ளைங்க இரண்டாம் குமிழுக்குப் போய்ப் படிக்கட்டும்."

தலைமையாசிரியை பூங்கோதைக்கு முகம் சிவந்தது. "போக வர மூணு மணி நேரம் சுரங்க வண்டியில. பாதிப் பேர் படிப்பையே நிறுத்திடுவாங்க, சார்."

"என்னம்மா செய்யறது? பனிவெட்டி வீட்டுப் பிள்ளைங்க. நீங்களும்தான் எவ்வளவு முயற்சி பண்ணுவீங்க?"

அவர் இரக்கத்தோடுதான் சொன்னார். அந்த இரக்கம்தான் பூங்கோதைக்கு உறைத்தது.

அந்த ஆண்டு தேர்விலும் ஒரு மாற்றம் வந்திருந்தது. முந்தைய தேர்வில் எட்டாயிரம் பிள்ளைகள் ஒரே கட்டுரையை, ஒரே எழுத்துப்பிழையோடு எழுதியிருந்தார்கள். எல்லாம் சில்லு சொல்லிக்கொடுத்தது. வெட்கிப்போன தேர்வுக் குழு, சில்லில் விடை இல்லாத கேள்விகளை மட்டுமே இனிக் கேட்பதென்று முடிவு செய்தது. மற்ற பள்ளிகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புதிய சில்லு வந்துவிடும் என்று காத்திருந்தன.

பூங்கோதை காத்திருக்கவில்லை. காலையில் வருகைப் பதிவு முடிந்ததும் ஒரு பிள்ளை எழுந்து வீட்டில் நடந்த ஏதாவதொரு சிக்கலைச் சொல்ல வேண்டும். குழாய் ஏன் உறைந்தது, அப்பாவின் துளைக்கருவி எதனால் சூடாகிறது, பத்துப் பனிக்கட்டியில் எத்தனை வீட்டுக்குத் தண்ணீர் வரும்? விடை கிடைக்கும் வரை வகுப்பே சண்டை போடும். பெருக்கல், வகுத்தல், கட்டுரை எல்லாம் அந்தச் சண்டைக்குள்ளேயே வந்துவிடும். தப்பான விடைக்குத் திட்டு கிடையாது. 'ஏன்' என்று சொல்லாத விடைக்குத்தான் திட்டு. ஏழு மாதம் ஒரு நாள்கூட அவள் விடுப்பு எடுக்கவில்லை.

தேர்வு முடிவு வந்தது. நான்காம் குமிழ் பள்ளி தொண்ணூற்றொரு விழுக்காடு. செவ்வாயிலேயே முதலிடம். அடுத்து வந்த பள்ளிக்கு முப்பத்தெட்டு.

ஞானசுந்தரம் அன்றே புறப்பட்டு வந்துவிட்டார். ஏதோ தில்லுமுல்லு நடந்திருக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. செய்தி பரவி, பனிவெட்டிகள் வேலை உடையோடு சன்னலருகே கூடிவிட்டார்கள். அவர் மூன்றாம் வகுப்பில் முன்வரிசையில் இருந்த இளவெயினியை எழுப்பினார். பூங்கோதை கைகளைக் கோத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

"ஒரு அறையில பன்னெண்டு பேர். ஆறு மணி நேரத்துக்குத்தான் காத்து இருக்கு. இன்னும் நாலு பேர் உள்ள வந்துட்டா, காத்து எவ்வளவு நேரம் வரும்?"

"வர்றவங்க பெரியவங்களா, குழந்தைங்களா, சார்?"

"பெரியவங்கதான். சொல்லு."

"நாலரை மணி நேரம்." இளவெயினி உட்காரப் போனவள் நின்றாள். "ஆனா சார், வெளியில இருந்து வர்றவங்க வெறும் முதுகோடவா வருவாங்க? ஆளுக்கு ஒரு காத்துக்குடுவை இருக்குமே. அதைச் சேர்க்கலையா?"

ஞானசுந்தரம் தம் கையிலிருந்த விடைக்குறிப்பைப் பார்த்தார். அதில் நாலரை என்று மட்டும்தான் இருந்தது. அந்தக் கணக்கை அவர் இருபது வருடமாகக் கேட்டு வருகிறார். யாரும் திருப்பிக் கேட்டதில்லை. மேலும் ஐந்து பேரைக் கேட்டார். ஐந்து பேரும் பதிலோடு ஒரு கேள்வியும் கேட்டார்கள். மூடும் உத்தரவை எடுத்து அவரே இரண்டாகக் கிழித்தார்.

வெளியே பனிவெட்டிகள் துளைக்கம்பிகளைத் தரையில் தட்டித் தாளம் போட்டார்கள். கூரைக் கண்ணாடியே அதிர்ந்தது. இளவெயினியின் அம்மா செண்பகவல்லி உள்ளே ஓடிவந்து டீச்சரைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த ஏழு மாதத்தில் முதல்முறையாகப் பூங்கோதையும் அழுதாள். புதிதாக நான்கு வகுப்பறை கட்டவும் ஆணை வந்தது.

சேர்க்கை நாளன்று வரிசை காற்றுக்கதவைத் தாண்டி நீண்டது. முக்கால்வாசிப் பிள்ளைகளின் காதுக்குப் பின்னால் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. சில்லைப் பிடுங்குவதற்கும் தாய்மாமன் மடியும் பாயசமும் இப்போது வழக்கமாகிவிட்டன.

ஆனால் விதி ஒன்று இருந்தது. பனிவெட்டிகளின் பிள்ளைகளுக்கே முதலிடம்.

வரிசையின் முன்னால் ஞானசுந்தரம் பேத்தியோடு நின்றிருந்தார். சான்றிதழ் ஒன்றை மேசையில் மெதுவாக நகர்த்தினார். குடும்பத் தொழில்: பனிவெட்டு.

பூங்கோதை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க எப்போ சார் பனி வெட்டினீங்க?"

"போன வாரம்," என்றார் குரலைத் தாழ்த்தி. "ஒரு துண்டு."

அவருக்குப் பின்னால் குமிழ் நிர்வாகி, மருத்துவர், சில்லு விற்பனையாளர். எல்லோர் கையிலும் அதே சான்றிதழ், அதே முத்திரை.

பூங்கோதை சிரித்தாள். "ரொம்ப சந்தோஷம் சார். சுரங்கத்துல ஆள் பத்தலைன்னு செண்பகவல்லி சொல்லிட்டே இருந்தாங்க. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு எல்லாரும் வேலைக்கு வந்துடுங்க. அதுக்கப்புறம் சேர்க்கையைப் பத்திப் பேசலாம்."

அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் செவ்வாயின் பனிவெட்டிக் குடும்பங்கள் முந்நூறிலிருந்து இரண்டாயிரமாக உயர்ந்தன. பனி மட்டும் ஒரு கட்டிகூட அதிகமாக மேலே வரவில்லை.