பட்டாணி நடத்திய நேர்முகத் தேர்வு

பட்டாணிக்கு வயது பத்துதான். ஆனால் சாயங்காலம் ஆனால் போதும், அவள் பெரிய அதிகாரி ஆகிவிடுவாள். அப்பாவின் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கி வழுக்கி விழும். அதைத் தூக்கி விட்டுக்கொண்டே கட்டிலில் சம்மணம் போட்டு உட்காருவாள். எதிரே நாற்காலியில் அவளுடைய அக்கா உட்கார்ந்திருப்பாள்.

"முதல் கேள்வி. உங்களைப் பத்திச் சொல்லுங்க."

அக்கா கடகடவென்று ஒப்பிப்பாள்.

"கையை ஆட்டாதீங்க! மடியில வைங்க. அதிகாரிகளுக்குக் கையை ஆட்டினா பிடிக்காது."

"உனக்கு யாருடி சொன்னா?"

"நான்தானே அதிகாரி!"

அக்கா கையைக் கோத்து மடியில் வைத்துக்கொள்வாள். பட்டாணி இரண்டாவது கேள்விக்குப் போவாள்.

அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் இது கடைசி வருஷம். அடுத்து என்ன செய்வது என்று அவள் வகுப்பே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது. அக்காவுக்கு மட்டும் அந்தக் குழப்பம் இல்லை. ஃபேன், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்று, பள்ளி முடித்தவர்களுக்குச் சம்பளத்தோடு பயிற்சி கொடுத்து, பிறகு வேலையும் கொடுத்தது. ஆனால் இந்தப் பள்ளியிலிருந்து ஒரே ஒருவரைத்தான் எடுப்பார்களாம். அந்த ஒருவர் தானாக இருக்க வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டாள்.

அது கிடைக்காவிட்டால் மாமாவின் செருப்புக் கடைதான். "பொண்ணு படிப்பை முடிச்சதும் கல்லாவுல வந்து உட்காரட்டும்" என்று மாமா எப்போதோ சொல்லி வைத்துவிட்டார். மாமா தங்கமானவர். ஆனாலும் நாள் முழுக்கக் கல்லாப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே அக்கா திருப்புளியைத் தேடி எடுத்து எதையாவது கழற்றத் தொடங்கிவிடுவாள்.

பள்ளியில் 'வேலை நாள்' நெருங்கியது. அன்றைக்குக் கம்பெனிக்காரர்கள் பள்ளி மண்டபத்துக்கே வந்து மாணவர்களோடு பேசி ஆள் எடுப்பார்கள். அதற்கு முன்னால், மாணவர்களுக்கு வேலை வழிகாட்டும் டீச்சர் ஓர் ஒத்திகை வைத்தார். ஒத்திகை முடிந்து அக்கா வீட்டுக்கு வந்தபோது முகம் தொங்கிப் போயிருந்தது.

"என்ன ஆச்சு அக்கா?"

"உள்ளே போனதும் டீச்சர், 'சாப்பிட்டியாம்மா?'ன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"முதல் கேள்வி ஆச்சே! 'நான் கடின உழைப்பாளி, நேரம் தவறாதவள்'னு சொல்லிட்டேன்."

பட்டாணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்புறம், 'எதுல வந்தே, பஸ்லயா?'ன்னு கேட்டாங்க. நான், 'அதுதான் என்னோட மிகப் பெரிய பலம்'னேன்."

அவ்வளவுதான். பட்டாணி குபீரென்று சிரித்துவிட்டாள். நிமிர்ந்து பார்த்தால் அக்காவின் கண்கள் நிறைந்திருந்தன. பட்டாணியின் சிரிப்பு அப்படியே நின்றது.

"வகுப்பே சிரிச்சுதுடி. நான் வேலை நாளுக்குப் போகலை."

அம்மா சமாதானம் சொல்ல வந்தாள். "விடும்மா. மாமா கடை இருக்கவே இருக்கு."

அதைக் கேட்டதும் அக்கா விசும்பவே ஆரம்பித்துவிட்டாள்.

பட்டாணி யோசித்துப் பார்த்தாள். தினம் தினம் அதே கேள்விகள், அதே வரிசை. ஒரு நாளாவது மாற்றிக் கேட்டிருக்கிறாளா? இல்லையே! அக்காவும் கேள்வியைக் காதில் வாங்காமல் வரிசையைப் பிடித்துக்கொண்டே ஒப்பித்துப் பழகிவிட்டாள். 'எல்லாம் என்னாலதான். நானெல்லாம் ஒரு அதிகாரியா!' என்று பட்டாணி தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் கீழ் வீட்டு அத்தை, சரி பண்ணித் தரச் சொல்லி, ஓடாத ஒரு மேஜை ஃபேனைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அக்கா தரையில் உட்கார்ந்து, திருப்புளியை எடுத்து, ஒவ்வொரு திருகாகக் கழற்றினாள். பட்டாணி பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"இது ஏன் அக்கா சுத்த மாட்டேங்குது?"

"கையால தள்ளினா லேசாச் சுத்துது பாரு. அப்போ மோட்டார் நல்லாத்தான் இருக்கு. முதல் தள்ளு கொடுக்க உள்ளே ஒரு குட்டி டப்பா இருக்கும். கெப்பாசிட்டர்னு பேரு. அது போயிடுச்சுன்னு நினைக்கிறேன்."

"சரி பண்றேன்னு போய் நீ எதையாவது கெடுத்திருக்கியா?"

அக்கா சிரித்தாள். கை மட்டும் நிற்கவில்லை. "ஏன் கேக்குற! ஒரு தடவை இஸ்திரிப் பெட்டி வயரை மாத்தி மாட்டி, மாடி முழுக்கக் கரண்ட் போச்சு. அப்பா பாதி மீசையை வெட்டினவரு, மீதியோட இருட்டுல நின்னாரு! அன்னையிலிருந்து எதையும் மூடுறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை பார்த்துட்டுத்தான் மூடுவேன். தெரியலைன்னா கேட்டுட்டுத்தான் தொடுவேன்."

பட்டாணி துள்ளி எழுந்தாள். "அக்கா! 'நீங்கள் செய்த தவறு என்ன? அதிலிருந்து என்ன கற்றீர்கள்?' நான் கேக்குற கேள்விதானே இது! இவ்வளவு அழகா நீ என்னைக்குமே சொன்னதில்லை!"

அக்கா திருப்புளியும் கையுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஆமாண்டி. இப்போ எப்படி வந்துச்சு?"

பட்டாணிக்குப் பளிச்சென்று புரிந்தது. "உன் கை வேலை செஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அதான்!"

அதற்குப் பிறகு கண்ணாடியும் இல்லை, வரிசையும் இல்லை. அக்கா குழாயைக் கழற்றும்போது ஒரு கேள்வி, சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது ஒரு கேள்வி என்று பட்டாணி துரத்தித் துரத்திக் கேட்டாள். அக்கா மணிமணியாகப் பதில் சொன்னாள். வேலை நாளுக்கு வரவும் சம்மதித்துவிட்டாள்.

வேலை நாளன்று மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாது. நடுவே கயிறு கட்டி, பெற்றோரையெல்லாம் ஒரு பக்கம் நிறுத்தியிருந்தார்கள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பட்டாணி எட்டி எட்டிப் பார்த்தாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம், முதல் மேஜையில், பழுது பார்க்கும் கம்பெனியிலிருந்து வந்த மேடம் உட்கார்ந்திருந்தார். நீலச் சட்டை, இறுக்கக் கட்டிய கொண்டை, பெரிய குரல்.

அக்காவின் முறை வந்தது.

"உட்காரும்மா. ஏன் இந்த வேலைக்கு வரணும்னு நினைக்கிறே?"

அக்கா உட்கார்ந்தாள். பழைய பழக்கம் விடுமா? கை இரண்டும் தாமாகவே கோத்துக்கொண்டு மடியில் போய் உட்கார்ந்தன.

"நான்... நான் கடின..." அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

மேடம் காத்திருந்தார். அக்காவின் நெற்றியெல்லாம் வேர்த்தது. "பரவாயில்லம்மா, கொஞ்சம் தண்ணி குடி" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட மேடம் தலையைத் திருப்பினார்.

பட்டாணி அம்மாவின் கையை உதறினாள். கயிற்றுக்குக் கீழே குனிந்து, ஒரே ஓட்டம்!

"மேடம், ஒரு நிமிஷம்! தப்பு எங்க அக்காவோடது இல்லை. என்னோடது!"

"ஏய் வாண்டு, நீ எங்கே இங்கே வந்தே?" என்று டீச்சர் பதறிக்கொண்டு வந்தார்.

மேடம் கையைக் காட்டி டீச்சரை நிறுத்தினார். "நீ யாரு?"

"நான்தான் வீட்டுல அக்காவுக்கு அதிகாரி. கையை மடியில வைக்கச் சொல்லிக் கெடுத்தது நான்தான் மேடம். கை சும்மா இருந்தா எங்க அக்காவுக்கு வாய் வேலை செய்யாது. எதையாவது கழட்டக் கொடுத்துட்டுக் கேளுங்களேன்!"

மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்தார். உள்ளே கனமான ஒரு பம்ப்பும் ஒரு திருப்புளியும் இருந்தன.

"இது எங்க வீட்டு வாஷிங் மெஷின்ல இருந்து கழட்டினது. தண்ணியை வெளியே தள்ள மாட்டேங்குது. ஊர் மெஷினையெல்லாம் சரி பண்றேன், என் வீட்டு மெஷினைப் பார்க்க நேரமில்லை. எங்கே, பாரு."

அக்கா பம்ப்பைக் கையில் வாங்கினாள். காதோரம் வைத்து மெல்லக் குலுக்கினாள். அவள் முகமே மாறிவிட்டது.

"உள்ளே ஏதோ சிக்கியிருக்கு மேடம்."

"ஏன் இந்த வேலைக்கு வரணும்?"

"ஒரு பொருள் ஏன் ஓடலைன்னு தெரியாம எனக்குத் தூக்கம் வராது மேடம்." திருகுகள் ஒவ்வொன்றாக மேஜையில் வரிசையாக உட்கார்ந்தன. "தூக்கிப் போடலாம்னு வச்ச பொருள் மறுபடி ஓடறப்போ, அவங்க முகத்தைப் பார்க்கணுமே!"

"உன்கிட்ட என்ன குறை?"

"பயந்துட்டா மனப்பாடம் பண்ணினதை ஒப்பிப்பேன். இப்போதானே பார்த்தீங்க."

மேடம் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். அக்கா பம்ப்புக்குள்ளிருந்து ஒரு கொண்டை ஊசியை இழுத்து எடுத்தாள். மேடத்தின் கை தானாகத் தன் கொண்டைக்குப் போனது.

"ஐயோ! சட்டைப் பையில காசை வச்சே மெஷின்ல துணி போடறான்னு என் பையனை அந்தத் திட்டு திட்டினேனே!"

பிறகு, "சரி, மூடிடு" என்றார் மேடம்.

"இன்னொரு தடவை பார்த்துட்டு மூடறேன் மேடம்." அக்கா உள்ளே விரலால் தடவினாள். "இந்த ரப்பர் வளையம் விரிஞ்சு போயிருக்கு. இப்படியே மாட்டினா உங்க வீட்டுக்குள்ள குளம்தான். புதுசு போடணும்."

மேடம் வாங்கிப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார். "மத்தவங்களையும் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

அடுத்து வந்த ஒவ்வொருவரிடமும் அவர் எதையாவது கையில் கொடுத்துத்தான் பேச்சைத் தொடங்கினார். பட்டாணி நகத்தைக் கடித்துத் தீர்த்தாள். அம்மா வேண்டாத தெய்வமில்லை.

கடைசியில் மேடம் எழுந்து மைக்கை வாங்கினார். அந்தக் குரலுக்கு மைக்கே வேண்டாம். "பயிற்சிக்கு நாங்க எடுக்கறது, என் வீட்டைக் குளமாகாம காப்பாத்தின பொண்ணை!"

மண்டபமே கைதட்டலில் அதிர்ந்தது. ஒத்திகையில் சிரித்த அதே வகுப்பு, இப்போது பெஞ்சின் மேல் ஏறி நின்று கத்தியது. அக்கா ஓடிவந்து பட்டாணியைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினாள். அம்மா அழுதுகொண்டே சிரித்துக்கொண்டே ஃபோனை எடுத்து, "அண்ணா, கல்லாவுக்கு வேற ஆளைப் பாரு!" என்று கத்தினாள். மாமாவின் "அடி சக்கை!" ஃபோனுக்கு வெளியேயும் கேட்டது.

கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. யாரோ பட்டாணியின் தோளைத் தொட்டார்கள். அக்காவின் வகுப்பிலேயே உயரமான அண்ணன். ஒட்டடைக்குச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவனுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் தயங்கித் தயங்கி நின்றார்கள்.

"எனக்கு அடுத்த வாரம் ஒரு இடத்துல நேர்முகத் தேர்வு இருக்கு" என்றான் அவன். "என்னையும் கொஞ்சம் கேள்வி கேக்குறியா, அதிகாரி?"

பட்டாணி அவனை அண்ணாந்து, தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தாள்.

"கேக்குறேன். முதல்ல இதைச் சொல்லுங்க அண்ணா. உங்க கைக்கு என்ன வேலை ரொம்பப் பிடிக்கும்?"