பிராங்க்ளினின் டாங்கிள்

லேப்டாப் இருந்தது. மைக், கீபோர்டு எல்லாம் இருந்தன. காணாமல் போனது கட்டைவிரல் நீளத்தில் ஒரு டாங்கிள்.

லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒற்றை அறை ஸ்டுடியோ வைத்திருந்த பிராங்க்ளின் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். காலை எட்டரைக்கே திருப்பாலைவனம் ஸ்டேஷனிலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் எப்சிபா வந்துவிட்டார்.

"பாக்க பென்டிரைவ் மாதிரியே இருக்கும் மேடம். பாட்டு பண்ற சாஃப்ட்வேருக்குச் சாவி அது. கம்பெனி குடுத்தது. அதைச் சொருவலைன்னா சாஃப்ட்வேர் தொறக்காது. ரெண்டு வருசப் பாட்டும் உள்ளயே மாட்டிக்கிச்சு. நாளான்னிக்குத் திருவிழாவுல அதெல்லாம் போடணும்."

"வேற இன்னா போச்சு?"

"பென்டிரைவைப் போன்ல சொருவற கனெக்டர் ஒண்ணு. அது போனா போவுது. டாங்கிளை விமல்தான் எடுத்திருப்பான். நேத்து இங்க வந்து எங்கூட சண்டை போட்டான்."

"வேற யார் வந்தாங்க?"

"ஜமுனாக்கா. போன மழைக்காலத்துல முகத்துவாரத்துல படகு கவுந்து செத்தாரே, எங்கிட்ட பாடின ஹரிஷண்ணன், அவர் சம்சாரம். அவர் பாட்டைக் கேட்டாங்க. இன்னும் முடிக்கலக்கான்னேன். டாங்கிளைக் காட்டி, இது இல்லாம ஒரு பாட்டும் இல்லன்னு சொன்னேன்."

"அறையை விட்டு வெளிய போனியா?"

"ரெண்டு வாட்டி டீக்குப் போனேன். விமல் இருந்தப்ப ஒருவாட்டி, அக்கா இருந்தப்ப ஒருவாட்டி."

தோணிரேவில் விமல் வலையில் சிக்கிய நண்டை விடுவித்துக்கொண்டிருந்தான். அவனும் பாட்டு போடுபவன்தான்; யாரும் காசில்லாமல் இறக்கி, வேண்டியபடி மாற்றிக்கொள்ளும் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேரில்.

"எதுக்குச் சண்டை?"

"உன் பாட்டைத் தொறக்க இன்னொருத்தன் சாவி எதுக்குடான்னு கேட்டேன் மேடம். உன்னுதுல சவுண்டு அவ்ளோ நல்லா வராதுன்னான். அது நெசந்தான்."

"சாவி போனா அவன் உன் பக்கம் வருவான். அதான் எடுத்தியா?"

"அதுக்குள்ள ஹரிஷண்ணன் குரல் இருக்குது மேடம். அதைப் பூட்டிட்டு நான் இன்னா ஜெயிக்கப் போறேன்?"

எப்சிபா தன் போனை எடுத்துக் காட்டினார். "டாங்கிளைப் போன்ல சொருவினா?"

"ஒண்ணும் ஆவாது. அதுல பாட்டே இல்லையே."

மதியம் எப்சிபா பிராங்க்ளினையும் விமலையும் ஜமுனா வீட்டு வாசலுக்கு வரச் சொன்னார்.

"விமலுக்கு அது வெறும் சாவின்னு தெரியும். அவன் கனெக்டரை எடுக்க மாட்டான். எடுத்தவங்க போன்ல பாட்டுக் கேக்க நெனைச்சவங்க. இது இல்லாம பாட்டு இல்லன்னு நீ சொன்னதை அப்படியே நம்பினவங்க, பிராங்க்ளின். ஜமுனா, நீதானே?"

ஜமுனா உள்ளே போய் டாங்கிளையும் கனெக்டரையும் எடுத்து வந்தாள்.

"சொருவிச் சொருவிப் பாத்தேன் மேடம். ஒண்ணும் வரல. அவரு குரலை நானே அழிச்சிட்டேனோன்னு சோறு எறங்கல."

"எங்கிட்ட கேட்டிருக்கலாமேக்கா" என்றான் பிராங்க்ளின்.

"எத்தினி வாட்டி கேட்டேன் தம்பி?"

அவன் டாங்கிளை வாங்கிக்கொண்டான். புகார் வேண்டாமென்று எப்சிபாவிடம் சொல்லிவிட்டு, எல்லோரையும் ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனான். டாங்கிளைச் சொருகியதும் சாஃப்ட்வேர் திறந்தது.

"மியூசிக் இருக்கட்டும்" என்றான் விமல். "மொதல்ல குரலைத் தனியா எடு. எந்தப் போன்லயும் பாடற சாதா ஃபைலா."

ஃபைல் ஜமுனாவின் போனுக்கு வந்தது; பாட ஆரம்பிக்குமுன் அதில் ஹரிஷ் தொண்டையைச் செருமினான். ஜமுனா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பாட்டு முடிந்தது. பிறகு பிராங்க்ளின், விமலின் முகத்தைப் பார்க்காமலே, இன்னொருவர் பாடிய பாட்டைத் திறந்து அதிலிருந்தும் குரலைச் சாதா ஃபைலாகத் தனியே எடுக்கத் தொடங்கினான்.