வெற்று ஸ்லைடு

ஒன்றுமே இல்லாத ஸ்லைடில் ஏதோ ஒளிர்ந்தது.

திண்டிவனம் பஸ் நிலையத்துக்குப் பின்னால், மருந்துக்கடை மாடியில் இருந்த அந்த லேபில் மதியம் இரண்டே கால் மணிக்கும் இருட்டாக இருக்கும் அறை ஒன்று உண்டு. ஜன்னலில் கறுப்புத் துணி அடித்து, கதவிடுக்கில் கோணி செருகி, விழுப்புரம் ஆஸ்பத்திரியில்கூட இல்லாத, புற ஊதா விளக்கு பொருத்திய மைக்ராஸ்கோப்பை அங்கே வைத்திருந்தார்கள். ஸ்லைடில் விடும் சாயம் பூஞ்சையின் மேல் ஒட்டிக்கொள்ளும். அந்த விளக்கில் பூஞ்சை நீலவெள்ளையாக எரியும், மற்றதெல்லாம் கறுப்பு. நோயாளியின் சளியைத் தொடுவதற்கு முன்னால் சாயமும் தண்ணீரும் மட்டும் விட்ட வெற்று ஸ்லைடு ஒன்றை லேப் டெக்னீஷியன் வேணி பார்ப்பாள். அது கறுப்பாக இருந்தால்தான் அடுத்துப் பார்ப்பதை நம்பலாம்.

இன்று அதில் ஓர் இழை கிடந்தது.

பஞ்சாக இருக்கும் என்று நினைத்தாள். பஞ்சும் அந்த விளக்கில் ஒளிரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பஞ்சு நாரைப் பூஞ்சை என்று எழுதி, விழுப்புரம் ஆஸ்பத்திரியின் லேப் டாக்டர் ஜெசிந்தாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள். அதிலிருந்து, பெட்டியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு ஸ்லைடையும், மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு ஒரு ஊது ஊதித் தூசு போக்கிய பிறகுதான் சாயம் விடுவாள். யாரும் சொல்லிக் கொடுக்காத பழக்கம். நோட்டைப் புரட்டினாள். திங்கட்கிழமை வெற்று ஸ்லைடில் ஓர் இழை, பஞ்சு. புதன்கிழமை இரண்டு, பஞ்சு. எழுதியது அவள்தான். ஆனால் பஞ்சு கிளை விடுமா?

இது கிளை விட்டிருந்தது.

வெளி பெஞ்சில் கலைமதி உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா மாரியப்பன் முகையூர்ப் பக்கம் மல்லாட்டைக் கடலை உடைக்கும் மில்லில் இருபது வருஷம் தூசு குடித்தவர். இப்போது விழுப்புரம் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். அவருடைய சளியை ஐஸ் பெட்டியில் வைத்து, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்திருந்தாள். பக்கத்து சீட்டு அம்மா, பெட்டியில் இருப்பது மீனா என்று கேட்டதற்கு, ஆமாங்க, சங்கரா மீன் என்று சொல்லிவிட்டதாகச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"அக்கா, மூணு மணிக்கு பூஞ்சை மருந்து ஏத்திடுவாங்களாம். அப்பாவுக்கு ஒரு கிட்னிதான் வேலை செய்யுது, அந்த மருந்து அதையும் தின்னுருமாம். பூஞ்சை இல்லன்னா ஜல்தியா ஜெசிந்தா மேடத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் இங்கியேதான் உட்கார்ந்துக்கினு இருப்பேன்."

வேணி தலையாட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

புதுச் சாயப் புட்டியைத் திறந்தாள். வெற்று ஸ்லைடில் மூன்று இழைகள். தண்ணீரை மாற்றினாள். ஏழு. சீல் பிரிக்காத பெட்டியிலிருந்து புது ஸ்லைடை எடுத்து, ஊதி, சாயம் விட்டுப் பார்த்தபோது, மழைக்கால இரவில் வானத்தில் வெட்டும் மின்னலைப் போலக் கிளை கிளையாக ஒளி விரிந்திருந்தது. ஏசி சத்தத்துக்கு அடியில் தன் மூச்சு போய் வரும் சத்தம் அவளுக்குக் கேட்டது. உள்நாக்கில் ஈரக் கோணியின் வாசனை.

அந்த அறையில் செல்போன் வெளிச்சம் ஆகாது. சுவரில் பழைய போன் ஒன்றுதான். மேடத்தைக் கூப்பிட்டுச் சொன்னாள். சாயத்தை மாற்றியாச்சா, தண்ணீரை மாற்றியாச்சா என்று அவர் வரிசையாகக் கேட்டார். எல்லாம் மாற்றியாச்சு. மாறாதது ஒன்றுதான் என்றாள் வேணி.

"நான் ஊதறதுதான் மேடம்."

"மனுஷங்க மூச்சுல இழையெல்லாம் வராதும்மா. பேஜாரு பண்ணாம சளியைப் பாரு. மூணு மணிக்கு நானே கூப்பிடறேன்."

தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். எப்போதும் அப்படித்தானே இருந்திருக்கிறது. இருந்தாலும் ஆறு ஸ்லைடுகளை வரிசையாக வைத்தாள். மூன்றை ஊதினாள். மூன்றை மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தாள். ஊதாத மூன்றும் கறுப்பு. ஊதிய மூன்றிலும் கறுப்புக்கு இடமே இல்லை.

மாஸ்க்கை ஏற்றி, மேலே இன்னொன்று கட்டினாள். மாரியப்பனின் சளியை மூச்சடக்கி ஸ்லைடில் வைத்தாள். மூலையில் போய் மூச்சு விட்டு வந்தாள். அடக்கி, சாயம். அடக்கி, மேல்கண்ணாடி. ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நிதானமாக, இரண்டு முறை பார்த்தாள்.

கறுப்பு. முழுக் கறுப்பு. அவருக்குப் பூஞ்சை இல்லை.

கண்ணில் நீர் வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் கிட்னி பிழைத்துவிடும். மணி மூன்றாக இரண்டு நிமிடம். விளக்கை அணைத்தாள்.

அறை இருட்டவில்லை.

மாஸ்க்கின் ஓரங்களில் நீலவெள்ளை கசிந்தது. விளக்கு இல்லை. சாயம் இல்லை. மூச்சை அடக்கினாள். மங்கியது. விட்டாள். துணியின் நெய்தலுக்குள்ளிருந்து ஒரு நுனி வெளியே வந்தது. இரண்டாகப் பிரிந்தது. அந்தரத்தில் நின்றது.

மூச்சை இழுத்தாள். அறுந்துபோகவில்லை. உள்ளே திரும்பி வந்தது.

போன் அடித்தது.

எடுத்தாள். வாயைத் திறக்கவில்லை.

"வேணி? லைன்ல இருக்கியா? நர்ஸ் ஊசியோட நிக்குறாங்க. நான் நிறுத்தச் சொல்லணுமா, வேணாமா?"

கதவுக்கு வெளியே பெஞ்ச் கிறீச்சிட்டது. கலைமதி எழுந்திருக்கிறாள்.

மாஸ்க்கை இறக்கினாள்.

"நிறுத்தச் சொல்லுங்க மேடம். அவருக்கு இல்ல."

ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு கொத்து இழை. உதட்டிலிருந்து மெல்ல நீண்டது. கிளை விட்டது. போனின் பேசும் பக்கத்தைத் தொட்டது. அங்கே சின்னச் சின்ன ஓட்டைகள்.

மறுமுனையில் மேடம் நிம்மதியாக ஒரு மூச்சை உள்ளே இழுத்தார்.

நுனிகள் நிமிர்ந்தன. ஆளுக்கொரு ஓட்டையாகத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றாக உள்ளே இறங்கத் தொடங்கின.