ஷெரிப் புரூயிட் கையில் வாங்கிய பாரம்

"மூட்டையை நேத்தே இறக்கிட்டேன்னு எத்தனை தடவைடி சொல்றது?"

"அப்ப கொட்டகை உத்திரம் ஏங்க இன்னும் முனகுது? அந்தப் பழைய கயிறு வேணாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா?"

ஷெரிப் ஹொரேஸ் புரூயிட்டும் மனைவி லவீனியாவும் மத்தியானச் சாப்பாட்டில் கத்தியது பக்கத்து வீட்டில் எங்கள் அடுப்படிவரை கேட்டது. நான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கவில்லை. சன்னல் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் ஊர் ரெட் ஃபோர்க்கில் திருடனைப் பிடிப்பதும் ஷெரிப்தான், தூக்கில் போடுவதும் ஷெரிப்தான். முன்கூட்டியே கைதியின் எடைக்கு மணல் மூட்டை கட்டித் தன் கொட்டகை உத்திரத்தில் தொங்கவிட்டுக் கயிற்றை நீட்டிவைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தொங்கவேண்டிய ஜட் கெல்லர் குச்சி மாதிரி ஆள். புதுக் கயிறு வராததால், ஏப்ரலில் கொல்லன் ஓட்டிஸ் வேர்னைத் தொங்கவிட்ட கயிற்றையே புரூயிட் எடுத்திருந்தார்.

சாப்பிட்டு எழுந்து புரூயிட் கொட்டகைக் கதவைத் தள்ளியதும், வைக்கோல் வாசத்துக்கு அடியிலிருந்து கரிப்புகையும் தீய்ந்த குளம்பு நாற்றமும் மெல்ல எழுந்து வந்து அவர் தொண்டையில் உட்கார்ந்துகொண்டன. மூட்டை மூலையில் கிடந்தது. கயிற்றில் ஒன்றுமில்லை. ஆனாலும் அது விறைத்து நின்றது. மெதுவாகச் சுழன்றது.

கெல்லரின் கனமில்லை இது. பெரிய ஆள்.

ஏப்ரலில் வேர்னைத் தொங்கவிட்ட அன்று, தூக்குமேடைப் படியில் தந்திக்காரன் நீட்டிய உறையை அவர் பிரிக்கவில்லை. நாற்பது மைல் தாண்டி, சாப்பாட்டுக் கூடையோடு ஜனம் வந்து காத்திருந்தது. 'முடிச்சுட்டுப் படிக்கலாம்' என்று சட்டைப்பையில் செருகினார். முடித்துவிட்டுப் படித்தார். கவர்னர் நிறுத்தச் சொல்லியிருந்தார். தந்தி அடுப்புக்குப் போனது.

மேலே ஒரு சத்தம். தொண்டை நெரியும் சத்தம்.

கையை நீட்டினார். காற்று. இன்னும் கொஞ்சம். கொல்லர்கள் கட்டும் தோல் ஏப்ரன். முழங்கால். சூடு.

அப்படியே கட்டிப்பிடித்துத் தூக்கினார். கயிறு தொய்ந்தது.

லவீனியா வாசலில் நின்றாள். "என்னத்தைங்க கட்டிப் புடிச்சிருக்கீங்க?"

"விட்டா செத்துருவான்டி."

ஊர்க்காரர் நாலு பேர் போய் அவர் கையைப் பிரித்தார்கள். உத்திரம் அலறியது. வெறும் காற்றில் யாரோ உதைத்துக்கொண்டார். அந்த நாலு பேருமே புரூயிட்டைத் திரும்பக் கயிற்றுக்கடியில் தள்ளிவிட்டு ஓடிவந்தார்கள்.

கெல்லரை வேறு ஊர்ச் சிறைக்கு மாற்றினார்கள். லவீனியா அந்த வாரமே டென்வரில் அக்கா வீட்டுக்குப் போனாள். மறு வருஷம் ஒரு மரக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டதாகக் கேள்வி. டென்வருக்கு வண்டி ஏறுமுன் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாளாம். இறுகக் கட்டிப் பிடித்தபடி புரூயிட்டின் இரண்டு கைகள். அவற்றுக்கு மேலே, ஒன்றுமில்லாத இடத்தில், நிதானமாக மூச்சு விடும் சத்தம்.