மைக்கில் சொன்ன முதல் பொய்

“ஊரே கேக்குற ரேடியோவுல கட்டின புருஷன் மானத்தை வாங்கிட்டு, உனக்கு எப்படிடி தொண்டையில தண்ணி இறங்குது?”

மாமியார் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். மருமகள் அதை எடுத்துக் கழுவப் போட்டாள்.

நேற்றைய கால்பந்து ஆட்டத்தில் அவள் கணவன்தான் கோல்கீப்பர், அவள்தான் வர்ணனையாளர். கடைசி நிமிடத்தில் சோம்பலாக உருண்டு வந்த பந்தை அவன் கோட்டைவிட்டான். “கோல்கீப்பரின் அப்பட்டமான கவனக்குறைவு!” என்றாள் மைக்கில். அணி தோற்றது. விஷயம் காதுக்கு வந்ததிலிருந்து அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த மைக்குக்காக எவ்வளவு பாடு! மைதானத்தில் ‘வழியில் நிற்கும் வெள்ளைக் காரை எடுக்கவும்’ என்று அறிவித்ததில் ஆரம்பித்து, பள்ளிக்கூடப் போட்டிகளுக்குச் சும்மாவே தொண்டை கிழியப் பேசி, ‘பொம்பளைக்குப் பந்தைப் பத்தி என்ன தெரியும்’ என்ற இளிப்புகளைப் பல்லைக் கடித்துத் தாண்டி, இந்த வருஷம்தான் ரேடியோவில் வர்ணனையாளர் நாற்காலி கிடைத்தது.

“இன்னைக்கே வேலையை விடு. இல்லன்னா...”

“இல்லன்னா என்ன அத்தை? சொல்லி முடிங்க!”

“போதும்!” கூடத்திலிருந்து மாமனார் அதட்டினார். “எதிர்வீட்டுக்காரர் சொன்னதைத்தானே கேட்டோம்? இவ பேசினதை முழுசா யாராவது கேட்டோமா?” போனில் நேற்றைய ஒலிபரப்பை ஓடவிட்டார்.

கூட வர்ணனை செய்தவரின் குரல் முதலில் வந்தது. “கவனிச்சீங்களா? கீப்பர் வலது காலை மடக்கவே இல்லை. முழங்கால்ல ஏதோ...”

அவள் குரல் குறுக்கே பாய்ந்தது. “காலுக்கு ஒண்ணுமில்ல சார்! கோல்கீப்பரின் அப்பட்டமான கவனக்குறைவு!”

சாப்பாட்டு மேசையில் கணவனின் முகம் வெளுத்தது.

“அம்மா... அவளைத் திட்டாத. என் முழங்கால் எப்பவோ போச்சு. கிளப்புக்குத் தெரிஞ்சா வெளிய அனுப்பிடுவாங்கன்னு, யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு சத்தியம் வாங்கினதே நான்தான். அதைக் காப்பாத்தத்தான்...”

“அடிப்பாவி! இத்தனை ஏச்சும் வாங்கிட்டு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா!” மாமியார் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அதுவரை கல்லாக நின்றவள் உடைந்து போனாள்.

“நீங்க திட்டினதுக்கா அழறேன்? கண்ணால பாத்ததைச் சொல்றதுதான் அத்தை என் வேலை. நேத்துதான் முதல் தடவையா மைக்ல பொய் சொன்னேன். உண்மையைச் சொல்ல வந்தவர் வாயையும் அடைச்சேன்... என் பொழப்பே இந்த நாக்குதானே!”

“என்னை மன்னிச்சிடு...” என்று கணவன் எழுந்தான்.

“மன்னிப்பெல்லாம் அப்புறம். கிளப்புல போய் உங்க வாயாலயே சொல்லுங்க. அடுத்த ஆட்டத்துக்கும் நான்தான் பேசுவேன். நீங்க நொண்டினா, நொண்டுறீங்கன்னுதான் சொல்லுவேன்!”

அவன் தலையாட்டினான். இத்தனை நாள் வீட்டுக்குள்கூடப் பல்லைக் கடித்து நேராக நடந்தவன், எதையும் மறைக்காமல் காலை இழுத்து இழுத்துப் படியிறங்கினான். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, கைப்பையை மாட்டி, வானொலி நிலையத்துக்குப் புறப்பட்டாள்.

யார் பின்னால் ஓடுவதென்று தெரியாமல் மாமியார் வாசலில் நின்றாள்.